எட்டுக் கப்பல், கடலில் எத்தனை? அயர்லாந்தை வைத்து ஒரு சின்னக் கடற்படையின் கதை

நாடுகளின் ராணுவ பலத்தை ஒப்பிடும் யூடியூப் காணொளிகளில் அயர்லாந்தின் முறை வந்தால் நாலு நொடியில் முடிந்துவிடும். நீர்மூழ்கி பூஜ்யம், விமானந்தாங்கி பூஜ்யம், ஃப்ரிகேட் பூஜ்யம், ரோந்துக் கப்பல் எட்டு. கீழே கருத்துப் பகுதியில், "இதுக்குப் பேர் கடற்படையா?" என்று யாராவது கேட்டிருப்பார்கள். பதிலுக்கு இன்னொருவர், "அவங்களுக்கு எதிரியே இல்லையே, எட்டு போதும்" என்பார். இரண்டு பேருமே எண்ணிக்கையை நம்பிப் பேசுகிறார்கள். கடற்படை விஷயத்தில் ஒரு நாட்டைப் பற்றி மிகக் குறைவாகச் சொல்வது அந்த எண்ணிக்கைதான்.

ஒரு சின்ன நாட்டின் கப்பல் பட்டியலைப் புரிந்துகொள்ள மூன்று கேள்விகள் போதும். காவல் காக்க வேண்டிய கடல் எவ்வளவு? அங்கே அலை எப்படி? கப்பலை ஓட்ட ஆள் இருக்கிறார்களா? அயர்லாந்தில் எந்தக் கப்பல் எப்போது வந்தது, ஏன் போனது என்பதெல்லாம் இந்த மூன்றுக்குள் அடங்கிவிடும்.

பட்டியலில் எட்டு, கடலில் எத்தனை?

நம் ஊர் பஸ் டெப்போவை நினைத்துக்கொள்ளுங்கள். பதிவேட்டில் 9 பஸ் இருக்கும். ஒன்று எஃப்.சி.க்குப் போயிருக்கும். ஒன்றில் இன்ஜினை இறக்கி வைத்திருப்பார்கள். ஒன்று நல்ல நிலையில்தான் நிற்கும், ஆனால் டிரைவர் இருக்கமாட்டார். ரூட்டில் ஓடுவதைத்தான் பயணிகள் எண்ணுவார்கள்.

கப்பலிலும் இதே கணக்குத்தான். ஒரு கப்பல் எப்போதும் கடலில் இருக்க வேண்டுமானால் ஏறக்குறைய மூன்று கப்பல் வேண்டும் என்பது கடற்படைகளில் புழங்கும் பொதுக் கணக்கு. ஒன்று ரோந்தில் இருக்கும். இன்னொன்று பழுதுபார்ப்பில் இருக்கும். மூன்றாவது திரும்பி வந்து ஆட்களுக்கு ஓய்வும் பயிற்சியும் கொடுத்துக்கொண்டிருக்கும். பெரிய நாட்டில் 60 கப்பலில் ஒன்று நின்றுபோனால் யாரும் கவனிக்கமாட்டார்கள். எட்டில் ஒன்று நின்றால் எட்டில் ஒரு பங்கு கடற்படையே நின்றதாக ஆகிவிடும்.

டன், ரகம், எண்: மூன்று சொற்கள்

மேலே போவதற்கு முன் மூன்று சொற்களைத் தெளிவாக்கிவிடலாம். இணையத்தில் அதிகம் குழம்பும் இடம் இது.

போர்க்கப்பலுக்கு '2,256 டன்' என்று போட்டிருந்தால் அது இடப்பெயர்ச்சி எடை. கப்பல் மிதக்கும்போது ஒதுக்கித் தள்ளும் தண்ணீரின் எடை அது. அந்தக் கணத்தில் கப்பலின் மொத்த எடையும் அதுவேதான். எண்ணெயும் தண்ணீரும் நிரப்பினால் எண் கூடும், அதனால் ஒரே கப்பலுக்கு இரண்டு எண்கள் அச்சாகியிருந்தால் இரண்டும் சரியாக இருக்கலாம். வணிகக் கப்பலுக்குச் சொல்லும் 'மொத்த டன்னேஜ்' வேறு விஷயம். அது எடையே அல்ல, உள்ளே இருக்கும் கொள்ளளவைக் குறிக்கும் எண். சரக்குக் கப்பலின் டன்னையும் போர்க்கப்பலின் டன்னையும் பக்கத்தில் வைத்து ஒப்பிடுவதில் அர்த்தமில்லை.

ரகம் என்பது ஒரே வரைபடத்தில் கட்டிய கப்பல்களின் தொகுப்பு. முதல் கப்பலின் பெயரையே ரகத்துக்கும் வைப்பது வழக்கம்.

அடுத்தது முன்புறம் பெரிதாக எழுதியிருக்கும் எண். அயர்லாந்துக் கப்பல்களில் பி61, பி62 என்று இருக்கும். 'பி' ரோந்தைக் குறிக்கும். முதல் இலக்கம் ரகத்தையும் அடுத்த இலக்கம் அந்த ரகத்தில் அது எத்தனையாவது என்பதையும் சொல்லும். பி21, பி22, பி23 என்று பார்த்தால் ஒரே வரைபடத்து மூன்று கப்பல் என்று புரிந்துகொள்ளலாம். பெயருக்கு முன்னால் வரும் எல்.ஈ. என்பது 'அயர்லாந்துக் கப்பல்' என்பதன் ஐரிஷ் மொழிச் சுருக்கம். இந்தியக் கப்பல்களுக்கு ஐ.என்.எஸ். மாதிரி.

1908–1945: கப்பலே தேவையில்லை என்று நினைத்த காலம்

முதல் கப்பலின் பின்னணியே விசித்திரம். ஹெல்கா 1908-இல் டப்ளினில் கட்டப்பட்டது. 1916-இல் பிரிட்டிஷ் ஆட்சிக்கு எதிராக நடந்த ஈஸ்டர் எழுச்சியின்போது பிரிட்டிஷார் அதிலிருந்துதான் டப்ளின் நகரத்தின் மேல் குண்டு வீசினார்கள். நாடு விடுதலை பெற்றதும் அதே கப்பல் 1923-இல் முர்க்கூ என்ற புதுப் பெயரோடு அயர்லாந்தின் கைக்கு வந்தது. தம்மைச் சுட்ட கப்பலையே தம் முதல் கப்பலாக வைத்துக்கொண்டார்கள்.

பிரிட்டனோடு செய்துகொண்ட 1921 ஒப்பந்தப்படி கடலோரப் பாதுகாப்பு பிரிட்டனின் பொறுப்பு. கார்க், பெரேஹேவன், லாக் ஸ்விலி ஆகிய மூன்று துறைமுகங்களும் 1938 வரை பிரிட்டன் வசமே இருந்தன. அதனால் கடலோர சேவை என்று தொடங்கியதை அடுத்த ஆண்டே கலைத்துவிட்டார்கள். முர்க்கூ மீன்பிடிக் காவலுக்குப் போனது. இரண்டாம் உலகப்போர் தொடங்கியபோது நடுநிலை நாடான அயர்லாந்திடம் இருந்தவை முர்க்கூவும் ஃபோர்ட் ரானக் என்ற இழுவலைக் கப்பலும்தான். அவசரமாக 6 மோட்டார் டார்பிடோ படகுகள் வாங்கினார்கள். அமைதியான கடலில் வேகமாகப் பாயும் படகுகள் அவை. அட்லாண்டிக்கில் அவற்றால் பெரிய பயன் இல்லை. பட்டியலில் எண்ணிக்கை ஏறியது, அவ்வளவுதான்.

முர்க்கூவை 1947-இல் உடைப்பதற்காக டப்ளினுக்குக் கொண்டுபோனபோது வழியிலேயே மூழ்கிவிட்டது.

1946–1970: மூன்று நீராவிக் கப்பல்கள்

நிரந்தரக் கடற்படை 1946-இல் உருவானது. பிரிட்டனிடமிருந்து ஃபிளவர் ரகக் கார்வெட் மூன்றை வாங்கினார்கள். கார்வெட் என்பது வணிகக் கப்பல் கூட்டத்துக்குத் துணை போகும் சின்னப் போர்க்கப்பல். போரேஜ் மாகாவாகவும், ஆக்ஸ்லிப் மேவாகவும், பெல்வர்ட் கிளியோனாவாகவும் பெயர் மாறின. மூன்றும் ஐரிஷ் தொன்மக் கதைப் பெண்களின் பெயர்கள். அந்த வழக்கம் 2014 வரை நீடித்தது.

இந்த ரகம் திமிங்கில வேட்டைக் கப்பலின் வரைபடத்திலிருந்து வந்தது. போரின்போது அவசரத்தில், சாதாரண கப்பல் கட்டும் தளங்களிலும் கட்ட முடிய வேண்டும் என்பதுதான் அப்போது முக்கியம். ஒற்றைச் சுழலி (புரொப்பல்லர்), நீராவி இன்ஜின், உச்ச வேகம் 16 நாட். ஒரு நாட் என்றால் மணிக்கு ஒரு கடல் மைல், அதாவது 1.852 கி.மீ. பெரிய அலையையும் தாங்கும், ஆனால் பயங்கரமாக ஆடும்.

நீராவியில் இரண்டு தொல்லைகள். கொதிகலனைச் சூடேற்றி அழுத்தம் ஏற்ற மணிக்கணக்கில் ஆகும், அழைப்பு வந்ததும் கிளம்ப முடியாது. கொதிகலன் அறைக்கே தனியாக ஆள் வேண்டும். ஏறத்தாழ 1,000 டன் கப்பலுக்கு 80 பேர் அளவு தேவைப்பட்டது. இன்றைய சாமுவேல் பெக்கெட் 2,256 டன், ஆனால் 44 பேர் போதும். இதை மனதில் வைத்துக்கொள்ளுங்கள், பின்னால் உதவும்.

1948-இல் கவிஞர் யேட்ஸின் உடலைப் பிரான்சிலிருந்து கால்வேக்குக் கொண்டுவந்தது மாகாதான். மற்றபடி மீன்பிடிக் காவல், பயிற்சி, மீண்டும் மீன்பிடிக் காவல். 1962-இல் நீர்மூழ்கிகளைத் தாக்கும் ஆழ்கடல் குண்டுப் பயிற்சியின்போது கிளியோனாவின் கொதிகலன் அறையில் தீப்பிடித்தது. மாற்றுக் கப்பல் வாங்குவதைத் தள்ளிப்போட்டுக்கொண்டே வந்தார்கள். 1970-இல் கடலுக்குப் போகும் நிலையில் இருந்தது மேவ் ஒன்றுதான். போரில் இழந்து இந்த நிலைக்கு வரவில்லை. மூன்றையும் ஒரே சமயத்தில் வாங்கியதால் மூன்றும் ஒரே சமயத்தில் முதுமை அடைந்தன. சின்னக் கடற்படைகள் திரும்பத் திரும்ப விழும் குழி இது.

இடைவெளியை அடைக்க 1971-இல் பிரிட்டனிடமிருந்தே 'டன்' என்ற பெயருள்ள ரகத்தைச் சேர்ந்த, கடல் கண்ணிவெடிகளை அகற்றும் கண்ணிவாரிக் கப்பல்கள் மூன்று வந்தன: கிரானியா, பன்பா, ஃபோலா. காந்தக் கண்ணிவெடி வெடிக்காமலிருக்க மர உடல் கொண்டவை, 46 மீட்டர் நீளம்.

இதுவரை பார்த்ததைச் சுருக்கினால், முதல் ஐம்பது ஆண்டுகளில் அயர்லாந்து தன் கடலுக்கென்று ஒரு கப்பலைக்கூட வடிவமைக்கவில்லை. பிறர் வேறு வேலைக்குக் கட்டியதை வாங்கி ஓட்டியது.

200 மைல்: எல்லாம் மாறிய இடம்

1972-இல் வந்த டீர்ட்ராதான் அயர்லாந்துக் கடற்படைக்கென்றே, அயர்லாந்திலேயே கட்டிய முதல் கப்பல். கார்க் துறைமுகத்து வெரோல்மே தளத்தில் கட்டினார்கள். டீசல் இன்ஜின், ஏறத்தாழ 970 டன். அடுத்த ஆண்டே லிபியாவிலிருந்து ஐ.ஆர்.ஏ. என்ற ஐரிஷ் ஆயுதக் குழுவுக்கு ஆயுதம் கொண்டுவந்த கிளாடியா கப்பல் மடக்கப்பட்டதில் அதற்குப் பங்கு உண்டு.

உண்மையான திருப்பம் 1977-இல் வந்தது. ஐரோப்பியப் பொருளாதாரச் சமூக நாடுகள் மீன்பிடி எல்லையை 200 கடல் மைலுக்கு விரித்தன. கரையிலிருந்து 200 மைல் வரை மீன் முதலான வளங்களின் உரிமை கரை நாட்டுக்கே என்பதைப் பிற்பாடு பிரத்யேகப் பொருளாதார மண்டலம் என்றார்கள். அங்கே கப்பல் போக்குவரத்தைத் தடுக்க முடியாது, ஆனால் அனுமதியின்றி மீன் பிடிப்பவரைப் பிடிக்கலாம்.

தமிழ்நாட்டில் பாதிக்குச் சற்று கூடுதலான நிலம், சென்னை மாநகர மக்கள்தொகையைவிடக் குறைந்த மக்கள் உள்ள நாட்டுக்கு ஒரே நாளில் தன் நிலத்தைப் போலப் பல மடங்கு கடல் பொறுப்பாக வந்தது. 15 நாட் வேகத்தில் போனால் எல்லையைத் தொடவே 13 மணி நேரத்துக்கு மேல். 46 மீட்டர் கண்ணிவாரிக் கப்பல் அங்கே போய் என்ன செய்யும்?

அதனால் டீர்ட்ராவின் திருத்திய வடிவமாக 65 மீட்டரில் ஈமர், ஈஃபா, ஆஷ்லிங் மூன்றும் 1978 முதல் 1980 வரை வந்தன. கடற்படையை நிமிர்த்தியவை இவைதான் என்பது என் கணிப்பு. 1984-இல் மரிட்டா ஆன் என்ற ஆயுதக் கடத்தல் படகைக் கெர்ரி கரையருகே பிடித்தவை ஈமரும் ஆஷ்லிங்கும். அதே ஆண்டு ஸ்பெயின் மீன்பிடிக் கப்பல் ஒன்றை நிறுத்த ஆஷ்லிங் நூற்றுக்கணக்கில் எச்சரிக்கைக் குண்டுகள் சுட வேண்டியிருந்தது. 1985 ஜூன் 23 அன்று ஏர் இந்தியாவின் கனிஷ்கா விமானம் குண்டுவெடிப்பில் சிதறி அயர்லாந்துக்குத் தென்மேற்கே கடலில் விழுந்து 329 பேரும் இறந்தபோது, மீட்புப் பணியைக் கடலில் நின்று ஒருங்கிணைத்ததும் ஆஷ்லிங்தான்.

கப்பல் ஏன் நீளமாகிக்கொண்டே போனது?

46, 65, 79, 90. கண்ணிவாரிக் கப்பலில் தொடங்கி, நடு அட்லாண்டிக் ரோந்துக்கு வந்த கப்பல்களின் நீளம் மீட்டரில் ஏறிய வரிசை இது. ஹெலிகாப்டருக்கென்று கட்டிய 80 மீட்டர் எத்னாவை இதில் சேர்க்கவில்லை, அது பின்னால் வரும். கௌரவத்துக்காக ஏறியதல்ல.

ஆழ்கடலில் ஒரு அலை முகட்டுக்கும் அடுத்த முகட்டுக்கும் இடையிலான தூரத்தை எளிதாகக் கணக்கிடலாம். இரண்டு முகடுகள் ஒரு புள்ளியைக் கடக்கும் இடைவெளி நொடிகளை அதே எண்ணால் பெருக்கி, மீண்டும் 1.56-ஆல் பெருக்கினால் மீட்டர் கிடைக்கும். 6 நொடி அலைக்கு 56 மீட்டர். 7 நொடிக்கு 76. 8 நொடிக்கு ஏறத்தாழ 100.

அலையின் நீளமும் கப்பலின் நீளமும் நெருங்கும்போது, அல்லது அலை சற்றே கூடுதலாக இருக்கும்போது, கப்பல் ஒவ்வொரு அலையின் மேலும் ஏறி இறங்கும். முன்பகுதி தண்ணீரைவிட்டு மேலே வந்து மறுபடி அறைந்து விழும். அந்த அடி தொடர்ந்தால் தகடு வளையும், கருவிகள் கழலும், ஆட்கள் நிற்கவே முடியாது. கேப்டன் வேகத்தைக் குறைத்துத்தான் ஆக வேண்டும். 46 மீட்டர் கப்பலுக்கு இந்தத் தொல்லை 5, 6 நொடி அலையிலேயே வந்துவிடும். 90 மீட்டர் கப்பல் அதே அலையில் இரண்டு முகடுகளுக்கு மேல் பாலம் மாதிரி படுத்துப் போகும்.

வேகத்தைவிட முக்கியமான ஒன்று உண்டு. ரோந்துக் கப்பலின் உண்மையான ஆயுதம் பக்கவாட்டில் தொங்கும் சின்ன ரப்பர் விளிம்புப் படகு. அதில் ஆட்களை இறக்கி, மீன்பிடிக் கப்பலில் ஏற்றி, வலைக்கண்ணின் அளவை அளந்து, பதிவேட்டையும் அறையில் கிடக்கும் மீனையும் ஒப்பிட்டுப் பார்க்க வேண்டும். தாய்க் கப்பல் ஆடினால் படகை இறக்கும்போது அது கப்பலின் உடலில் மோதும். கொக்கி ஒரு முனையில் முன்னதாகக் கழன்றால் படகு செங்குத்தாகத் தொங்கிவிடும். படகை இறக்க முடியாத கப்பல் 200 மைல் போய்ச் சேர்ந்தும் வேடிக்கைதான் பார்க்கலாம். நீளமும் எடையும் கூடக்கூட, படகை இறக்கக்கூடிய நாட்கள் கூடும். பெக்கெட் ரகத்தின் முன்புறத்து 76 மி.மீ. பீரங்கியைப் படம் எடுப்பவர்கள் இந்தப் படகை வெட்டிவிடுகிறார்கள்!

எத்னாவும் ஹாங்காங்கிலிருந்து வந்த இரட்டையரும்

1984-இல் வந்த எத்னா 80 மீட்டர், ஹெலிகாப்டர் தளம் கொண்ட ஒரே அயர்லாந்துக் கப்பல். காகிதத்தில் அருமையான யோசனை, ஏனென்றால் ஹெலிகாப்டர் ஒரு மணி நேரத்தில் பார்க்கும் கடலைக் கப்பல் நாள் முழுக்கப் பார்க்கும். ஆனால் ஆடும் தளத்தில் இறங்கத் தனிப் பயிற்சி வேண்டும், அதை இடைவிடாமல் புதுப்பிக்க வேண்டும். கைவசம் இருந்த ஹெலிகாப்டரோ விரல்விட்டு எண்ணும் அளவு. அதில் ஒன்று பழுதானால் கப்பலின் பாதிக் காரணம் போய்விடும். காலப்போக்கில் அந்தப் பயன்பாடு நின்றது. பின்னால் வந்த எந்த ரகத்திலும் ஹெலிகாப்டர் தளம் வைக்கவில்லை. வெரோல்மே தளமும் எத்னாவோடு மூடப்பட்டது.

1988-இல் ஹாங்காங்கில் பணியாற்றிய பிரிட்டிஷ் பீகாக் ரகக் கப்பல் இரண்டை வாங்கினார்கள். ஸ்விஃப்ட் ஓர்லாவானது, ஸ்வாலோ கீராவானது. 25 நாட் வேகம், அருமையான பீரங்கி. தென்சீனக் கரையோரத்துக்கென்று கட்டிய 62 மீட்டர் கப்பல்கள், அதனால் நடு அட்லாண்டிக்கை விட்டுக் கரையோரம்தான் அவற்றுக்குப் பொருத்தம். பழைய கப்பல் வாங்குவது தவறல்ல. எந்தக் கடலுக்குக் கட்டியது என்று பார்க்காமல் வாங்குவதுதான் தவறு.

அதன் பிறகு இங்கிலாந்தின் ஆப்பிள்டோர் தளத்தில் ரோஷீன் 1999-இலும் நீவ் 2001-இலும் முடிந்தன, 79 மீட்டர். 2014 முதல் அதே தளத்தில் சாமுவேல் பெக்கெட், ஜேம்ஸ் ஜாய்ஸ், வில்லியம் பட்லர் யேட்ஸ், ஜார்ஜ் பெர்னார்ட் ஷா. 90 மீட்டர், 23 நாட், ஒவ்வொன்றும் ஏறக்குறைய 7 கோடி யூரோ. 2015 முதல் மத்தியதரைக் கடலில் இந்தக் கப்பல்களும் எத்னாவும் சேர்ந்து 17,000-க்கும் மேற்பட்ட அகதிகளை மீட்டன.

30 ஆண்டு ஆயுள் என்பது எங்கிருந்து வருகிறது?

கப்பலைக் கொல்வது துரு. வெளிப்பக்கத்தை எல்லோரும் பார்க்கிறார்கள், சாயம் அடிக்கிறார்கள். உள்ளிருந்து அரிக்கும் இடங்கள்தான் ஆபத்து: கழிவுநீர் தேங்கும் அடித்தளம், சமையலறைக்கும் குளியலறைக்கும் கீழே உள்ள தகடு, கடல்நீர்க் குழாய் வளைவுகள். வெண்கலச் சுழலியும் எஃகு உடலும் உப்புநீரில் சேர்ந்தால் ஒரு மின்கலம் மாதிரி வேலை செய்து எஃகு கரையும். அதைத் தடுக்க உடலில் துத்தநாகக் கட்டிகளைப் பொருத்துவார்கள். எஃகுக்குப் பதில் அவை கரையும். கரைந்த கட்டியை மாற்றத் தவறினால் அடுத்து கரைவது கப்பல்.

தண்ணீரை வடித்துக் கப்பலைப் பழுதுபார்க்கும் உலர் துறையில் ஏற்றும்போது மீயொலிக் கருவியால் தகட்டின் தடிமனைப் புள்ளி புள்ளியாக அளப்பார்கள். பொதுவாக நாலில் ஒரு பங்கு வரை தேய்ந்திருந்தால் வெட்டிப் புதுத் தகடு வைக்க வேண்டும். ஒரு கட்டத்துக்கு மேல் தகட்டுச் செலவு, கிடைக்காத உதிரி பாகம், கூடிக்கொண்டே போகும் துறை நாட்கள் மூன்றும் சேர்ந்து கணக்கை முடித்துவைக்கும். எத்னா 38 ஆண்டு ஓடியது. 2022-இல் அதோடு ஓர்லாவுக்கும் கீராவுக்கும் ஓய்வு கொடுத்தார்கள். 1970-இன் தவறு சிறிய அளவில் மறுபடியும்: மூன்று கப்பல், ஒரே நாள்.

பட்டியலில் வயதைப் பார்க்கும்போது கட்டிய ஆண்டும் பணியில் சேர்ந்த ஆண்டும் ஒன்றா என்று சரிபாருங்கள். 2024-இல் 'புதிதாக' இணைந்த ஈவினும் கப்னெட்டும் 2009 வாக்கில் நியூசிலாந்துக் கடற்படைக்குப் போன ரோட்டோயிட்டியும் புகாக்கியும்தான். 55 மீட்டர் கப்பல்கள். இரண்டும் சேர்த்து 2.6 கோடி யூரோ. அட்லாண்டிக்குக்காக வாங்கவில்லை, கிழக்கே ஐரிஷ் கடலுக்காக வாங்கினார்கள். இந்த முறை கடலைப் பார்த்துத்தான் வாங்கியிருக்கிறார்கள்.

டிரைவர் இல்லாத பஸ்

1,094 பேர் இருக்க வேண்டிய கடற்படையில் 2023-இல் 800 பேர்கூட இல்லை. அந்த ஆண்டு ரோஷீனையும் நீவையும் துறையில் கட்டிப்போட்டார்கள். இரண்டும் நல்ல நிலையில் இருந்த கப்பல்கள். மாலுமி குறைந்தால் சமாளிக்கலாம், இன்ஜின் அறைத் தொழில்நுட்பர் இல்லாவிட்டால் கப்பல் நகராது. தனியார் துறை முதலில் கூட்டிக்கொண்டு போவதும் அவரைத்தான். 44 பேரில் ஓடும் கப்பலின் மறுபக்கம் இது. 80 பேர் இருந்த மாகாவில் ஒருவர் வராவிட்டால் இன்னொருவர் செய்வார். 44 பேரில் ஒவ்வொருவருக்கும் மாற்று ஆள் கிடையாது.

விற்ற பிறகு

ஓய்வு பெற்ற கப்பல்களின் பின்வாழ்க்கையில்தான் இணையத்தில் அதிகம் புரளி. நடந்தது இது. டீர்ட்ராவை 2001-இல் உல்லாசப் படகாக மாற்ற வாங்கினார்கள். 2013-இல் 3,20,000 யூரோவுக்கு ஏலம் போன ஈமர் நைஜீரியாவுக்குப் போய் அந்நாட்டுக் கடற்படையிடம் சேர்ந்தது. ஆஷ்லிங் 2017-இல் ஒரு நெதர்லாந்துத் தரகருக்கு 1,10,000 யூரோவுக்கு விற்பனையானது. ஆயுதங்களைக் கழற்றிவிட்டுத்தான் விற்றார்கள். கைமாறி 2018-இல் லிபியாவில் ஹஃப்தார் என்ற ராணுவத் தளபதியின் தரப்பில் அல் கராமா ஆகி, அங்கே பீரங்கி பொருத்தப்பட்டது. லிபிய ஆயுதங்களை மடக்கிய கடற்படையின் கப்பல் லிபியப் போரிலேயே போய் நின்றது. ஐ.நா. நிபுணர் குழு அறிக்கை வரை அது போனது. எத்னா, ஓர்லா, கீரா மூன்றையும் ஏலத்துக்கு விடாமல் உடைத்து மறுசுழற்சி செய்யக் கொடுத்தார்கள்.

ஈஃபா 2015-இல் மால்டாவுக்கு நன்கொடையாகப் போனது. அங்கே அதற்கு வைத்த எண் பி62. அதே ஆண்டு அயர்லாந்தில் பணியில் சேர்ந்த ஜேம்ஸ் ஜாய்ஸின் எண்ணும் பி62. படத்தில் எண்ணை மட்டும் பார்த்துக் கப்பலை அடையாளம் சொல்பவர்கள் கொடியையும் ஒருமுறை பார்த்துக்கொள்வது நல்லது.